ஓடையில் ஊறிய நாகக் கல்

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி என்று எல்லோரும் பேச்சுக்குச் சொல்வார்கள். நான் கண்ணை நன்றாகத் திறந்துகொண்டே அப்படி நின்றிருக்கிறேன். முழங்கால் தண்ணீரில், புடவையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, பார்த்த இடமெல்லாம் சிவலிங்கமாகச் செதுக்கிய பாறைகளுக்கு நடுவில். எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம் அது. எங்கள் கல் எது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன்.

எந்தக் கல், அது ஏன் தண்ணீருக்குள் கிடந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் சதுரங்கப்பட்டினத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவருக்குக் கல்பாக்கத்தில் நடந்துகொண்டிருந்த கட்டுமானத்தில் வரைபடம் போடும் வேலை. நான் திருச்சிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. செங்கல்பட்டில் ஒரு டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் சோதித்துப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை, சந்தோஷமாகப் போய் இருங்கள் என்று அனுப்பிவிட்டார். குறை இருக்கிறது என்று சொல்லியிருந்தாலாவது ஒரு பிடி கிடைத்திருக்கும். குறையும் இல்லை, குழந்தையும் இல்லை என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

எனக்குப் பிள்ளை வேண்டும். இதை மூடி மறைத்துப் பேச எனக்கு அப்போதும் வராது, இப்போதும் வராது. பக்கத்து வீட்டில் குழந்தை அழுதால் கை வேலையைப் போட்டுவிட்டு நிற்பேன். அதன் தாய் "இத்த வெச்சுகினு ஒரே பேஜாரு" என்று அலுத்துக்கொண்டால் அவளை ஓர் அறை விடலாமா என்று வரும். அடக்கிக்கொண்டு உள்ளே போய்ப் பாத்திரம் தேய்ப்பேன். அந்த வருஷங்களில் எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் பளபளவென்று இருந்தன.

ஜோசியர் என் ஜாதகத்தைப் பார்த்து நாகதோஷம் என்றார். என் கணவருடையதைப் பார்த்து, இதிலும் லேசாக இருக்கிறது என்றார். லேசாக என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவர் பொடி டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்தார். நாகப் பிரதிஷ்டை செய்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அதாவது, இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு நிற்பதாகக் கல்லில் செதுக்கி, அரச மரத்தடியில் நட வேண்டும். செதுக்கிய கையோடு நட்டுவிட முடியாது. ஒரு மண்டலம் அந்தக் கல் தண்ணீருக்குள் கிடந்து ஊற வேண்டும். பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்து நெல்லில் படுக்க வைக்க வேண்டும். தண்ணீரிலிருந்து எடுத்தால் நெல்லில் படுக்கிறவரை தரையில் வைக்கக் கூடாது. நடுகிற நாளில் கல்தச்சர் வந்து உளியால் கண்ணைத் திறப்பார். அதுவரை அந்தப் பாம்புகளுக்குக் கண் கிடையாது, முகம் வழவழவென்று இருக்கும்.

நம்பினாயா என்று கேட்டால் என்ன சொல்வது? பஸ்ஸுக்காகக் காத்துக் காத்து நிற்கிற இடத்தில் ஒரு லாரி வந்து நின்றால் ஏறிக்கொள்வோம் இல்லையா, அப்படி.

மாமல்லபுரத்தில் ஒரு கல்தச்சரிடம் சொன்னோம். அவர் பட்டறையில் பிள்ளையாரும் அம்மனும் பாதி உடம்போடு நின்றிருந்தார்கள். நாகக் கல் என்றதும் அவர் ஒன்றுமே கேட்கவில்லை. நான்தான் அளவைப் பற்றிக் கேட்டேன்.

"நாகம்னா எல்லாம் ஒரே அளவுதாம்மா. எங்க நைனா போட்ட அளவு," என்றார். அந்தப் பேச்சை நான் அன்றைக்குக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கல் தயாரானதும், ஊறவைக்கக் கோயில் குளத்தில் கேட்கட்டுமா என்றோம். அவர் வேண்டாம் என்றார்.

"திருக்கழுக்குன்றம் தாண்டி காட்டுக்குள்ள ஓட ஒண்ணு கீது. தரையெல்லாம் பாறை, பாறையெல்லாம் லிங்கம். எந்தக் காலத்துல எவன் அடிச்சானோ. அத்தினி லிங்கத்து மேல ஓடிகினு வர்ற தண்ணி, அதுக்கு மேல இன்னா தீர்த்தம் வோணும்? நம்ம சைடுல நாகத்த அங்கதான் போடுறது."

கார்த்திகை மழை விட்டதும் ஒரு நாள் அவர் மாட்டு வண்டியில் கல்லை ஏற்றிக்கொண்டு வந்தார். நான் மஞ்சள் கயிறெல்லாம் எடுத்துவைத்துப் புறப்படத் தயாராக இருந்தேன். அன்றைக்குக் காலையில்தான் எனக்குத் தூரம் வந்தது. அந்த மாதமும் இல்லை என்பதே ஒரு வலி. அதனால் அந்த ஓடைக்கும் போக முடியாது என்பது இன்னொன்று. கயிற்றைக் கணவரிடம் கொடுத்து, கல்லின் கழுத்தில் கட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம் அவர் திரும்பி வந்ததும் எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு பெரிய மருத மரம். அதுக்கு எதிர்ல மூணு லிங்கம் வரிசையா இருக்கும். அதுக்குக் கீழ ஒரு பள்ளம். அங்கதான்," என்றார்.

"ஒரு படம் போட்டு வெச்சுக்கிட்டீங்களா?"

"எதுக்கு? பார்த்தா தெரிஞ்சிடப்போகுது."

காலையிலிருந்து சாயங்காலம்வரை அடுத்தவன் கட்டப்போகிற சுவருக்கு, அதில் விடப்போகிற ஓட்டைக்கு, அந்த ஓட்டைக்குள் போகப்போகிற குழாய்க்கு என்று படம் படமாகப் போட்டுத் தள்ளுகிற மனிதர். சொந்தக் கல்லுக்கு ஒரு கோடு போடவில்லை.

மார்கழியில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டு வெளுத்து வாங்கியது. ஓடை நிரம்பி ஓடியிருக்கும், கல் என்ன ஆயிற்றோ என்று வாசலில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தை பிறந்ததும் கல்தச்சரைத் தேடிப் போனால், அவர் தெற்கே ஒரு கோயில் கும்பாபிஷேக வேலைக்குப் போய்விட்டிருந்தார். நடுகிற நாளன்று நேராக வந்து கண்ணைத் திறந்துவிடுவதாகவும், கல்லை நாங்களே போய் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லியனுப்பியிருந்தார்.

இந்தத் தடவை நான் விடவில்லை. கூடவே கிளம்பினேன். பஸ்ஸில் கண்டக்டர் எங்கள் கையிலிருந்த பையையும் சாக்கையும் பார்த்துவிட்டு, "கழுகு பாக்கவா? டைம் கீது, மெதுவா மல ஏறலாம்," என்றார்.

"இல்ல, பாம்பு எடுக்க," என்றார் என் கணவர். கண்டக்டர் அதற்குமேல் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

திருக்கழுக்குன்றத்தில் இறங்கி வண்டிப் பாதையில் நடந்தோம். கொஞ்ச தூரத்தில் வயல் முடிந்து காடு தொடங்கியது. காடு என்றால் வானத்தை மறைக்கிற காடு இல்லை. காரையும் களாவும் ஈச்சம் புதரும் சூரை முள்ளுமாக ஆளைப் பிடித்து இழுக்கிற காடு. பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் என் கணவர் நின்று யோசித்தார். வண்டியில் உட்கார்ந்து போனபோது மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், பாதையைப் பார்க்கவில்லை என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றைக்கு அங்கேயே பிரிந்திருப்போம்.

தண்ணீர்ச் சத்தத்தை வைத்துத்தான் ஓடையைக் கண்டுபிடித்தோம்.

பார்த்ததும் கொஞ்ச நேரம் எனக்கு எங்கள் கல்லே மறந்துபோயிற்று. அகலமான பாறை, சரிவாக இறங்கிக்கொண்டே போகிறது. அதன்மேல் ஓர் இடத்தில் கணுக்கால் அளவு, ஓர் இடத்தில் முழங்கால் அளவு என்று தண்ணீர் ஓடுகிறது. தண்ணீருக்கு அடியில் லிங்கம். சதுரம் சதுரமாகக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒன்றாக, உள்ளங்கை அளவில் லிங்கம். எவனோ இண்டு இடுக்கு விடாமல் அடித்துத் தள்ளியிருந்தான். சில நேற்றுச் செய்தது மாதிரி எடுப்பாக இருந்தன. சில தேய்ந்து தேய்ந்து வெறும் புடைப்பாகிவிட்டன. கால் வைத்தால் லிங்கம். காலை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் அங்கேயும் லிங்கம்.

"எங்கே மிதிக்கிறது?" என்று கேட்டேன்.

"மிதிச்சுத்தான் போகணும். சாமி ஒண்ணும் சொல்லாது," என்றார்.

முதலில் ஒவ்வொரு லிங்கத்தையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நடந்தேன். அப்படிப் போனால் இருட்டுவதற்குள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தது. மொத்தமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு மிதித்துக்கொண்டே போனேன்.

போகப் போகக் குழப்பம்தான் கூடியது. ஒரு மேட்டில் நந்தி மாதிரி ஒன்று. இன்னொரு பக்கம் போய்ப் பார்த்தால் ஆமை. கரையோரம் ஓர் உருவம் படுத்துக்கொண்டிருந்தது. அது பெருமாளா, பாறையின் இயற்கையான வளைவா என்று என் கணவராலும் சொல்ல முடியவில்லை. குடம் குடமாகக் குழிகள் இருந்தன. அவை மனிதன் தோண்டியவையா, தண்ணீர் சுழன்று சுழன்று குடைந்தவையா? ஓரிடத்தில் வரிசையாகச் சின்னச் சின்னச் சதுரக் குழிகள். ஆப்பு அடித்துக் கல்லைப் பிளக்கப் போட்டவை என்றார் அவர். அப்படியென்றால் லிங்கம் செதுக்கியவன் முதலில் வந்தானா, பிளக்க வந்தவன் முதலில் வந்தானா, பிளக்க வந்தவன் ஏன் பிளக்காமல் போனான் என்று கேட்டேன். "எனக்கென்னம்மா தெரியும்," என்றார்.

அவர் சொன்ன பெரிய மருத மரத்தைத் தேடினேன். இரண்டு கரையிலும் பெரிய பெரிய மருத மரங்களாக வரிசை கட்டி நின்றன. வரிசையாக மூன்று லிங்கத்தைத் தேடினேன். எங்கே எண்ணத் தொடங்கினாலும் அங்கே மூன்று லிங்கம் வரிசையாக இருந்தது. நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் ஒரு குரல் கேட்டது.

"இன்னாக்கா, நீயும் கல்லு தேடிகினு வந்தியா?"

வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு பாறையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைவிடச் சின்னவள். புடவை மார்புவரை நனைந்திருந்தது.

"ஆமா. நீயுமா?"

"காலைலேர்ந்து தேடிகினு கீறேன். ஒண்ணியும் புரியல. எல்லாமே என்னுது மாரியே கீது."

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தைச் சொன்னாள். புருஷன் கடலுக்குப் போயிருக்கிறான். மீன் படுகிற நேரம், கூட வர முடியாது. அவளுக்கும் அதே கல்தச்சர்தான் கல் செய்திருக்கிறார். அவளாகவே சொன்னாள்: "ரெண்டு தபா உண்டாச்சுக்கா. ரெண்டும் தங்கல." அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தாள். எனக்கு ஒரு தடவைகூட உண்டாகவில்லை என்றேன்.

மூன்று பேரும் சேர்ந்து தேடினோம். உடைந்த நாகக் கற்கள் நிறையக் கிடந்தன. தலையில்லாத பாம்பு, பாதிப் பாம்பு. யாரோ போட்டுவிட்டு எடுக்க வராத கற்கள். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "போட்ட கையோட உண்டாயிருக்கும், மறந்து பூட்டிருப்பாங்க. இல்லாட்டி செத்துப் பூட்டிருப்பாங்க," என்றாள் அவள்.

கடைசியில் ஒரு மருத மர வேர் ஓடைக்குள் இறங்கியிருந்த இடத்தில், வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து சொருகிய மாதிரி, இரண்டு கற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. முழுசான கற்கள். ஒரே உயரம், ஒரே அகலம், இரண்டிலும் பாம்புகள் ஒரே மாதிரி பின்னியிருந்தன. இரண்டின்மேலும் பச்சையாகப் பாசி. இரண்டுக்கும் கண் இல்லை. எங்க நைனா போட்ட அளவு என்று அந்த மனிதர் சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது.

"என் கல்லு கழுத்துல ஒரு கண்ணாடி வளையல மாட்டி வுட்டேன்," என்றாள் அவள். வளையல் இல்லை. எங்கள் மஞ்சள் கயிறும் இல்லை. என் கணவர் குனிந்து வேருக்குள் கையை விட்டுத் துழாவி, நைந்துபோன கயிற்றுத் துண்டு ஒன்றை எடுத்தார். "இதோ," என்று முகம் மலர்ந்து நிமிர்ந்தார். அது எங்கே இருந்தது என்று கேட்டேன். இரண்டு கல்லுக்கும் நடுவில் என்றார். மலர்ந்த முகம் அப்படியே வாடிவிட்டது.

இரண்டும் புதியவைதானா, அல்லது ஒன்று பழசா, நாங்கள் தேடிய இரண்டும் வேறு எங்கேயோ கிடக்கின்றனவா? அதுவும் தெரியவில்லை. மூன்று பேரும் தண்ணீரில் நின்று மண்டையை உடைத்துக்கொண்டோம்.

"என் கல்லு என்னைப் பாத்தா தெரியும்னு நெனச்சிகினு வந்தேன்," என்றாள் அவள். "அதுக்குத்தான் கண்ணே இல்லியே. நீ மொதல்ல எடுக்கா. நீ பெரியவ."

நான் இரண்டையும் தொட்டுப் பார்த்தேன். இடது பக்கத்தில் இருந்ததில் என் கை நின்றது. இதுதான் என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்று கேட்காதீர்கள், கை நின்றது, அவ்வளவுதான். என் கணவர் தோளில் சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் கல்லை ஏற்றிக்கொண்டு கரை ஏறினார். நான் பின்னாலேயே ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் தன் கல்லைத் தண்ணீரில் வைத்துப் புடவைத் தலைப்பால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாசி போய்க் கல் பளிச்சென்று வெளியே வந்தது. ஒரு பாம்பின் படத்தருகே, கல்லுக்குள்ளேயே ஓடுகிற வெள்ளை ரேகை ஒன்று தெரிந்தது. பட்டறையில் எங்கள் கல்லில் அப்படி ஒன்றைப் பார்த்தேனே என்று எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது.

"நில்லுங்க," என்றேன். இறங்கிப் போய், "அதுதான் என்னுது. அதைக் கொடு, இதை நீ எடுத்துக்கோ," என்றேன்.

என் கணவருக்குக் கோபமே வராது. அன்றைக்கு வந்தது. "இது என்ன புடவைக் கடையா, எடுத்து எடுத்து மாத்த?" என்று சொல்லிக்கொண்டே கல்லோடு திரும்ப இறங்கி வந்தார். அவள் அவரிடமிருந்த கல்லை வாங்கித் தண்ணீரில் வைத்துவிட்டு, தான் தேய்த்த கல்லைத் தூக்கி அவரிடம் கொடுத்தாள். "நெஜமாவாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"நிஜமாத்தான்."

அவள் தலையில் சும்மாடு கட்டி, மீன்கூடையைத் தூக்குகிற மாதிரி கல்லை ஏற்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போய்விட்டாள். என் கணவர் நாலு இடத்தில் தோள் மாற்றினார். பஸ்ஸில் கல்லைக் கீழே வைக்கக் கூடாது என்பதால் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அந்த வெள்ளை ரேகையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். சதுரங்கப்பட்டினம் வருவதற்குள், அதை நான் பட்டறையில் பார்த்தேனா, இல்லை ஓடையில் பார்த்துவிட்டுப் பட்டறையில் பார்த்ததாக நினைத்தேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. அவரைக் கேட்டேன். "இனிமே என்னை ஒண்ணும் கேக்காத," என்றார்.

நடுகிற நாளன்று கல்தச்சர் வந்தார். எங்கள் தெரு முனையில் குளத்தங்கரை அரச மரத்தடியில் குழி வெட்டியிருந்தது. நெல்லிலிருந்து கல்லை எடுத்து அவரிடம் காட்டி, இது நம் கல்தானே என்று கேட்டேன். அவர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார்.

"நம்ம கைதாம்மா," என்றார்.

"அது தெரியுது. என்னுதா, அந்தக் குப்பத்துப் பொண்ணோடதா?"

"ரெண்டும் ஒரே பாறைல எடுத்த கல்லு. இப்பக் கேட்டா நான் இன்னா சொல்றது? கண்ணத் தொறந்து உன் பேரச் சொல்லி நட்டா உன்னுது," என்று உளியை எடுத்துவிட்டார். நாலு தட்டு. பாம்புகளுக்குக் கண் வந்தது. அவை என்னைப் பார்க்கின்றனவா என்று பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாலும் மஞ்சளும் ஊற்றிக் கும்பிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் அந்த மரத்தைச் சுற்றினேன். மாதா மாதம் ஏமாந்தேன். ஏமாந்த நாளிலெல்லாம் ஒரே ஒரு நினைப்புதான் என்னைத் தாங்கிக்கொண்டது: கல் மாறிப்போய்விட்டது, அதனால்தான். முதலில் கை நின்ற கல்தான் என்னுடையது, நானே கெடுத்துக்கொண்டேன். என் மேலே கோபப்பட்டால் ஓர் ஆறுதல் இருந்தது. சரியான கல் எங்கேயோ இருக்கிறது, அது இன்னும் எனக்குத் தரவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்ளலாம்.

ஆவணி மாதம் ஒரு மத்தியானம் வாசலில் அந்தப் பெண் வந்து நின்றாள். ஓடையில் எங்கள் தெருவைச் சொல்லியிருந்தது நினைவிருந்து தேடி வந்திருக்கிறாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. கையில் இலையில் சுற்றிய வவ்வால் மீன். அவள் வயிற்றைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்தது என்று சொல்லவா? பொறாமைதான் வந்தது. உள்ளே வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அவளாகவே உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"எந்த மாசம்?" என்றேன்.

"ஏழு. இந்தவாட்டி தங்கிகினு கீது." சுவரில் சாய்ந்துகொண்டாள். "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்க்கா. கேட்டா கோச்சுக்கக் கூடாது."

"கேளு."

"நீ மொதல்ல எடுத்த கல்லு எங்கிட்ட கீது. நீதான் மாத்திகினு போனே. எங்க மாமியாரு சொல்லிச்சு, மொதல்ல கை வெச்சதுதான் அவங்களுதா இருக்கும், அப்ப இந்தப் புள்ள அவங்களுதாச்சே, அவங்க வயிறெரிஞ்சா தங்குமான்னு. அத்தக் கேட்டதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. ரெண்டு பூட்ச்சுக்கா. இதுவும் பூட்டா நான் இருக்க மாட்டேன்." என் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். "எங்கிட்ட கீறது என் கல்லுன்னு சொல்லு. இதும்மேல சத்தியம் பண்ணு."

உள்ளே குழந்தை அசைந்தது. என் உள்ளங்கையில் பட்டது. நான் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

அவளுடையது அவள் கல் என்றால், அரச மரத்தடியில் நிற்பது என் கல். கண் திறந்து, பால் ஊற்றி, தினமும் சுற்றி வந்தும் எனக்குத் தராத கல் என் சொந்தக் கல். அதை என் வாயால் நானே சொல்ல வேண்டும். தெரியவில்லை என்று சொல்லலாம்; அதுதான் உண்மையும்கூட. அதைக் கேட்டால் இந்தப் பெண் இன்னும் இரண்டு மாதம் தூங்க மாட்டாள். சத்தியம் பண்ணி, அது பொய்யாக இருந்துவிட்டால்? பிள்ளை மேல் பண்ணுகிற பொய்ச் சத்தியம் பிள்ளையைத்தானே பிடிக்கும்?

"இது மேல வேண்டாம். எழுந்திரு," என்றேன்.

செருப்புக்கூடப் போடாமல் அவளைக் குளத்தங்கரைக்கு அழைத்துக்கொண்டு போனேன். மத்தியான வெயிலில் அரச மரத்தடியில் யாரும் இல்லை. நான் கல்லின் முன்னால் உட்கார்ந்து அதன் தலையில் கையை வைத்தேன். கல் சூடாக இருந்தது.

"இதோ பார், இந்த வெள்ளை ரேகை. பட்டறையில என் கல்லில இதை நான் பார்த்தேன். அதனாலதான் மாத்திக்கிட்டேன். இது என் கல்லு. உன்கிட்ட இருக்கிறது உன்னுது. உன் பிள்ளை உன்னுது. பொய்யா இருந்தா இந்தக் கல்லு எனக்கு ஒண்ணும் தர வேண்டாம்."

அவள் குனிந்து அந்த ரேகையை விரலால் தடவிப் பார்த்தாள். அவள் விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது. பிறகு என் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அப்ப உனக்கும் ஆவும்க்கா," என்றாள்.

"ஆகட்டும்," என்றேன்.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து மீனை அலசினேன். அவளுக்கு ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. தங்கியது. எனக்கு ஆகவில்லை.